சீகன்பால்கு ஐயரும் நம் சிற்றூர்த் தெய்வங்களும்

பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் முதன்முதல் அச்சிட்டு வெளிப்படுத்தியவர் என்பதும், தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் நிறுவியவர் என்பதும் நம்முள் யாவரும் அறிந்தவை. அவரே நம் சிற்றூர்களிற் குடிகொண்ட தெய்வங்களையும் பேய்களையும் குறித்து ஒரு பெருநூல் எழுதினார் என்பதும், அந்நூல் 154 ஆண்டுகள் அச்சேறாது கிடந்தது என்பதும் அறிந்தார் மிகச் சிலரே. அறிந்தவருள்ளும் அதனை ஓர் இளமைப் பிழைபோற் கருதி ஒதுக்குவோர் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. அவர் வாழ்க்கையின் உள்முடிச்சு அந்நூலிலேதான் உள்ளது என்பது எம் கருத்து. ஆதலின் அதனை நடுவாக வைத்து அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

இவர் 1682-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10-ஆம் நாள் ஜெர்மனி தேசத்தில், சாக்சனியைச் சார்ந்த புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் தானிய வாணிகம் செய்தவர். அவ்வூர் மேல் லௌசித்சு என்னும் நாட்டுப்பகுதியைச் சேர்ந்தது. காடும் குன்றும் வயலும் விரவிய அந்நாட்டில், ஜெர்மானியரோடு சோர்பியர் என்னும் சிலாவிய இனத்தாரும் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். இருவேறு மொழியினர் அடுத்தடுத்து வாழும் இடங்களில் கதைகளுக்குக் குறைவிராது. ஒருவர் வீட்டுப் பேய் மற்றவர் வீட்டிற்கும் விருந்து போகும்.

அந்நாட்டுக் கதைகளுட் சிலவற்றை இங்கே கூறுதல் மிகையாகாது. கோடைக்காலத்து நண்பகலில் வயலை விட்டு நீங்காது வேலை செய்வோர்முன் நண்பகல் மாது என்பவள் அரிவாளுந் தானுமாய்த் தோன்றுவாளாம். அவளிடம் அகப்பட்டவர் ஆளிச்செடியை விதைத்தல், பிடுங்குதல், நாருரித்தல், நூற்றல், நெய்தல் ஆகியவற்றை ஒரு மணி நேரம் இடைவிடாது விரித்துரைத்தல் வேண்டும். உரைத்து முடித்தால் உயிர் தப்பலாம். சொல் அற்றுப்போயின் தலை போம். வேறொரு கதையில், தீத்ரிக் என்னும் பழைய வீரன் இறந்தும் அடங்காதவனாய், புயல் வீசும் இரவுகளில் நாய்களும் குதிரைகளும் சூழ வானத்தே வேட்டையாடிச் செல்வான். நீர்நிலைகளில் ஆளை இழுக்கும் நீர்மனிதன் உண்டு. நிலத்தடியில் குறள்மக்கள் உண்டு. அவர்கள் கோயில் மணியோசை கேளாத் தொலைவிற்கு ஓடிப்போனார்கள் என்பர். சற்றுக் கிழக்கே சிலேசிய மலைகளில் ரூபெத்சால் என்னும் மலைப்பூதம் ஏழைகட்கு இரங்கியும் செருக்கரை ஏய்த்தும் விளையாடிற்று. இம் மலைப்பூதத்தின் கதைகளைப் பிரேத்தோரியு என்பார் 1662-ஆம் ஆண்டு முதல் தொகுத்து லைப்சிக் நகரில் வெளியிட்டார். சீகன்பால்கு பிறத்தற்கு இருபதாண்டு முற்பட்ட செய்தி இது.

நண்பகல் மாதின் கதையைக் கேட்கும் தமிழர் எவரும் வியப்படையார். உச்சிவேளையில் தனியே புளியமரத்தடிக்குப் போகலாகாது என்று நம் பாட்டியரும் கூறினரன்றோ? பேய்க்கு இருள்தான் வேண்டும் என்பதில்லை; ஆளரவமற்ற வெயிலும் போதும். வெயிலிற் குனிந்து வேலை செய்வார் மயங்கி வீழ்வதை இரு நாட்டினரும் கண்டிருப்பர். கண்டதற்கு இரு நாட்டினரும் பெண்ணுருவே கொடுத்தனர் என்பதே வியப்பு.

நிற்க. சீகன்பால்கு சிறுவராயிருக்கும்போதே அன்னையாரை இழந்தார். அவ்வம்மையார் இறக்குந் தறுவாயில் மக்களை அருகழைத்து, தாம் அவர்கட்கெனப் பெரும் பொருளொன்றைத் தேடி வைத்திருப்பதாகவும், அதனை வேதப்புத்தகத்தில் தேடுக என்றும், அதன் ஏடெல்லாம் தம் கண்ணீரால் நனைந்தவை என்றும் கூறினார் என்பர். தந்தையாரும் அணித்தே காலமாக, தமக்கையர் காவலில் வளர்ந்து, காமென்ஸ், கேர்லித்சு என்னும் ஊர்களிற் பள்ளிக்கல்வி பெற்றார். உடல் வலியற்றவர், அடிக்கடி நோயுற்றுப் படிப்பை இடையே விட நேர்ந்தது. 1703-ஆம் ஆண்டில் ஹாலெப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, பிராங்கே என்னும் பேராசிரியர்பால் இறைநூல் பயின்றார். அதே கழகத்திலே தொமாசியு என்னும் சட்ட அறிஞர் 1701-இல், சூனியக்காரிகள் எனப் பெண்டிரைப் பிடித்துத் தண்டிக்கும் வழக்கத்தை எதிர்த்து நூல் வெளியிட்டிருந்தார். பேயோடு உடன்படிக்கை செய்ததாக ஏழைப் பெண்களைத் தீயிலிட்ட தேசம் அது என்பதை நாம் மறத்தலாகாது. நம் நாட்டுப் பேய்வழிபாட்டைக் கண்டு முகஞ்சுளித்த ஐரோப்பியர் பலர் இதனை மறந்தே எழுதினர்.

டென்மார்க்கு அரசர் நான்காம் பிரெடரிக், தம் ஆட்சிக்குட்பட்ட தரங்கம்பாடிக்குக் குருமாரை அனுப்ப விழைந்தார். சீகன்பால்குவும் அவர் நண்பர் புளூச்சோவும் தெரிந்தெடுக்கப்பட்டு, 1705 நவம்பரில் சோபியா ஹெட்விக் என்னும் கப்பலேறினர். ஆப்பிரிக்காவைச் சுற்றி வருவது அந்நாளை வழி. தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடல், சேது எனப்படும் மணற்றிட்டுக்களால் ஆழங் குறைந்தது. பெருங்கப்பல்கள் அவ்வழியே செல்லா. ஆதலின் சோழமண்டலக் கரைக்கு வருவோர் இலங்கையை வலம்வந்தே ஏகுதல் வேண்டும். 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடி கண்டனர். அரசரின் முத்திரை பெற்று வந்தவராயினும், ஆங்கிருந்த டேனியத் தேசாதிபதி ஹாசியு அவர்களை விரும்பி வரவேற்றிலர். சீகன்பால்குவிற்கு அப்போது வயது இருபத்து மூன்று, தெரிந்த தமிழ் ஒரு சொல்லும் இல்லை.

அவர் தமிழ் கற்ற முறை நம் மாணவர் அறிந்து மகிழத்தக்கது. திண்ணைப் பள்ளிக்கூடத்து முதிய ஆசிரியர் ஒருவரை அவர்தம் பிள்ளைகளோடு தம் இல்லத்திற்கே வருவித்து, அப்பிள்ளைகளோடு ஒருங்கிருந்து மணலில் விரலால் அகரமுதல் எழுதிப் பயின்றார். அழகப்பன் என்பார் ஐரோப்பிய மொழிகள் சில அறிந்தவராதலின் துபாஷியாக அமைந்தார். பின்னர் முதிய புலவர் ஒருவரையும் எழுத்தர் ஒருவரையும் உடன்வைத்துக்கொண்டு, காலை எட்டு மணி முதல் நண்பகல் வரை தமிழேடுகளையே படிப்பது அவர் வழக்கமாயிற்று. ஏடு தேடி ஆட்களை ஊரூராக அனுப்பினார். கணவரை இழந்த பார்ப்பனப் பெண்டிரிடமிருந்து பல சுவடிகள் கிடைத்தன. 1708-இல் அவர் தொகுத்த சுவடிப் பட்டியலில், தமிழர் இயற்றிய நூல்கள் மட்டும் 119 உள்ளன. ஒவ்வொன்றிற்கும் பொருள் இன்னது என ஜெர்மன் மொழியிற் குறிப்பெழுதினார். தமிழ் ஏடுகளைத் தேடி மகாமகோபாத்தியாயர் சாமிநாதையர் புறப்பட்டதற்கு ஏறக்குறைய 170 ஆண்டு முன்னர் நிகழ்ந்தது இது. நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி என்னும் மூன்றையும் அவர் ஜெர்மனில் மொழிபெயர்த்ததும் அவ்வாண்டே.

அவர் வந்த புதிதில் நிகழ்ந்த ஒரு செய்தியை மறைத்தல் தகாது. ஒரு கோயிற் புறத்தே நின்ற சுதையுருவங்களைக் கண்டு மனங்கொதித்து, சிலவற்றை வீழ்த்தியும் சிலவற்றின் தலையை உடைத்தும், தம்மையே காத்துக்கொள்ள மாட்டாதன பிறரை எங்ஙனம் காக்கும் என்று அங்கு நின்றாரை வினவினார். ஆங்கிருந்த கற்றார் ஒருவர் சினவாது, இவை கடவுள் அல்ல, கடவுளின் காவற்படைஞர் உருவங்களே என்று விளக்கினார். இளைஞராகிய சீகன்பால்குவிற்கு அவ்விடை போதியதாகத் தோன்றவில்லை. ஆயினும் எது தெய்வம், எது காவல், எது பேய் என்னும் வேற்றுமை தமக்குத் தெரியவில்லை என்பது அவ்விடையில் வெளிப்பட்டுவிட்டது. உடைத்தற்கும் முன்னே பெயரையாவது தெரிந்துகொள்ளல் வேண்டுமன்றோ? அந்நிகழ்ச்சியே பின்னாளில் அவரை ஏடுகளின்பாற் செலுத்தியது என்று அறுதியிட்டுக் கூறோம். ஆனால் இதன்பின் அவர் எழுதியவற்றில் வினாக்கள் மிகுதியும் உடைத்தல் குறைவுமாக உள்ளன.

1708 நவம்பரில் தேசாதிபதியோடு மாறுபாடு முற்றவே, இவர் கோட்டையிற் சிறை வைக்கப்பட்டு நான்கு திங்கள் கிடந்தார். வெளிவந்ததும் பழைய வேலையையே தொடர்ந்தார். 1708 அக்டோபரில் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1711 மார்ச்சு 31-இல் முடிவுற்றது.

அதன்பின் 1712 முதல் 1714 வரை அவர் செய்த ஒரு செயல் நம் உள்ளத்தை ஈர்ப்பது. தமிழறிஞர் பலர்க்கு ஓலை விடுத்து, தெய்வம், வழிபாடு, ஒழுக்கம், கல்வி, வழக்கம் என்பவற்றைப் பற்றி வினா எழுப்பி, விடையைத் தமிழிலே எழுதி வாங்கினார். அவ்விடைகளை ஜெர்மனாக்கி அனுப்ப, 55 கடிதங்கள் முதலிலும் 44 கடிதங்கள் பின்னுமாக ஹாலேயில் அச்சாயின. எழுதியவர் பெயர் குறிக்கப்படவில்லை. குறித்திருந்தால் அவர்கட்கு ஊரில் இடர் விளைந்திருக்கலாம். எனினும் தமிழர் தம் சமயத்தைத் தம் வாய்மொழியாலே ஐரோப்பியருக்கு விளக்கிய கடிதங்கள் அவை. அவற்றை எழுதிய கைகள் இன்னார்கை என அறியாது போனமை எமக்கு ஆறாத வருத்தம்.

இனி அப்பெருநூலுக்கு வருவோம். மலபாரியத் தெய்வங்களின் வமிசாவளி என்பது அதன் பெயர்ப்பொருள். அந்நாளில் ஐரோப்பியர் தமிழரையும் மலபாரியர் என்றே வழங்கினர். நூல் நான்கு பகுதியுடையது. முதற்பகுதி பராபரவஸ்து எனப்படும் முழுமுதற் பொருளைப் பற்றியது. இரண்டாவது மும்மூர்த்திகளையும் அவர் குடும்பங்களையும் கூறும். நான்காவது தேவர் முனிவர் முதலியோரைப் பற்றியது. இடையிலுள்ள மூன்றாம் பகுதியே எம்மை மிகக் கவர்ந்தது. அது கிராமதேவதைகளைப் பற்றியது. ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பத்திரகாளி, பிடாரி, சாமுண்டி, துர்க்கை என ஒவ்வொருவரையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு, உருவம் யாது, கோயில் எங்ஙனம் அமையும், பூசை செய்வார் யாவர், பலி யாது, விழா எப்போது, அவரைப் பற்றிய நூல் எவை என முறையாக எழுதுகின்றார். பெரிய கோயில்களைப் பற்றி வடமொழியாளரிடம் கேட்டெழுதிய ஐரோப்பியர் பின்னாளிற் பலர் உளர். ஊர்ப்புறத்து வேம்படியில் நிற்கும் பிடாரியைப் பற்றிக் கேட்க அந்நாளில் யாருக்குப் பொறுமை இருந்தது?

ஐயனாரைப் பற்றிய பகுதி குறிக்கத்தக்கது. பூரணை, புட்கலை என்னும் இரு தேவியரோடு ஊர் எல்லையில் வீற்றிருக்கும் அவர் பேய்கட்கெல்லாம் தலைவர். தற்கொலை புரிந்தோரும் வாழ்நாள் முற்றுமுன் கொடுமையாய் இறந்தோரும் பேயாகி அவர் ஆணையின்கீழ்த் திரிவர் என மக்கள் நம்புவதையும், நேர்ச்சையாக மண்குதிரைகள் நிறுத்துவதையும் சீகன்பால்கு பதிந்துள்ளார். இரவில் ஐயனார் அக்குதிரைகளை ஊர்ந்து, பரிவாரஞ் சூழ எல்லையைச் சுற்றிப் பேய்களை ஓட்டுவார் என்பது நம்மவர் நம்பிக்கை. இராமநாதபுரச் சீமையிலே புரவியெடுப்பு என்னும் பெயரால், வேளார் வனைந்த மண்குதிரைகளை ஊரார் தோளிற் சுமந்து சென்று ஐயனார் கோயிலில் நிறுத்தும் விழா இன்றும் நடைபெறுகின்றது. லௌசித்சு வானத்தில் வேட்டையாடும் தீத்ரிக்கும், நம் கண்மாய்க்கரையில் இரவிற் குதிரை செலுத்தும் ஐயனாரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் ஒரு வேற்றுமை காண்க. தீத்ரிக்கின் வேட்டை எதிர்ப்பட்டாரை அழிக்கும். ஐயனாரின் வேட்டை ஊரைக் காக்கும். அங்கே குதிரையோசை கேட்டால் கதவடைப்பர். இங்கே அவ்வோசை கேட்குமென்றே கதவு திறந்து உறங்குவர்.

அகால மரணமுற்றோர் அமைதியுறார் என்னும் நம்பிக்கை எத்துணை வலியது என்பதற்கு எம் கடற்கரையே சான்று. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடி இலங்கைக்குச் செல்லும் துறைமுகமாய்த் தழைத்தது. புகைவண்டி நிலையம், அஞ்சல் நிலையம், மாதாகோயில், பள்ளி யாவும் ஆங்கிருந்தன. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயலில் கடல் ஊர்மேல் ஏறியது. பாம்பனிலிருந்து வந்த புகைவண்டி பயணிகளோடு மூழ்கிற்று. பிழைத்தாரும் ஊரை விட்டகல, அரசினர் அவ்விடத்தை மக்கள் வாழத் தகாததென அறிவித்தனர். இன்று மணலில் நிற்பவை கூரையற்ற கோயிற் சுவரும் சில கற்றூண்களுமே. அணித்தேயுள்ள கோதண்டராமர் கோயில் மட்டும் அழியாது நின்றது. உடல் கிடையாதோர், நீர்க்கடன் பெறாதோர், கல்லறை காணாதோர் பலர் ஆதலின், இருட்டியபின் அங்கே அழுகுரல் கேட்கும் என்று காணவருவார்க்குக் கதை கூறுவோர் உளர். இராவணனைக் கொன்ற பழி இராமனையும் பிரமகத்தியாய்ப் பற்றிற்று என்றும், அது நீங்கவே இராமேசுவரத்தில் இலிங்கம் நிறுவினான் என்றும் கூறும் தலம் அணித்தே இருக்க, அக்கதை முளைத்ததில் வியப்பில்லை. ஆனால் இடிபாடுகளின் அருகே குடிசை அமைத்து வலை உலர்த்தும் மீனவர், யாம் கேட்டவரையில், அழுகுரலைப் பற்றிப் பேசினாரல்லர். காற்றின் போக்கைப் பற்றியே பேசினர். பேய்க்கதையைச் சொல்வோர் மாலைக்குள் ஊர் திரும்புவோரே. சீகன்பால்கு இருந்திருப்பின் இருதிறத்தாரையும் கேட்டு எழுதியிருப்பார்.

அந்நூலுக்கு முன்னுரை எழுதி முடித்தது 1713 ஆகஸ்டில். இங்கேதான் நாம் முன்னர்க் கூறிய முடிச்சு உளது. அவ்வாண்டிலேயே, ஹாலேயில் வார்க்கப்பட்டு வந்த தமிழெழுத்துக்களைக்கொண்டு அவர் தரங்கம்பாடியில் முதலிலே அச்சிட்டவற்றுள் ஒன்று அக்கியானம் என்னும் சிறுநூல். தமிழர் வழிபாட்டை அறியாமை என்றும் அருவருக்கத்தக்கது என்றும் இடித்துரைப்பது அது. ஒரு கை தமிழர்க்கெனக் கண்டனம் எழுதிற்று. மற்றொரு கை ஜெர்மானியர்க்கென, அத்தமிழரே முழுமுதற் பொருளொன்றை அறிந்தவர், கலைகளும் நீதிநூல்களும் உடையவர், நீவிர் எண்ணுமாறு காட்டுமிராண்டிகள் அல்லர் என்று சான்றோடு எழுதிற்று. இவ்விரண்டில் எது மெய்யான சீகன்பால்கு என்று வினவுவாரும் உளர். இரண்டும் அவரே. கிராமதேவதைகள் சாத்தானின் மயக்கு என்னும் கருத்தை அவர் இறுதிவரை கைவிட்டாரல்லர். பெருநூலிலும் அக்கருத்து ஆங்காங்கே தலைகாட்டும். ஆயினும் தாம் ஒப்பாத ஒன்றைக் குறைக்காமலும் திரிக்காமலும் கேட்டபடியே எழுதல் வேண்டும் என்னும் கடப்பாடு அவரைப் பற்றிக்கொண்டது. எம் தமிழாசிரியர் சிலர் அவரைப் பகைவராகக் காண்பதும், எம் சபையார் சிலர் இந்நூலைப் பேசாது விடுவதும் இவ்விருமையைப் பொறாமையினாலே என எண்ணுகிறோம்.

கையெழுத்துப்படி ஹாலேயை அடைந்தது. அச்சிடுவார் என ஆசிரியர் எதிர்பார்த்த பிராங்கே அதனை அச்சிடவில்லை. குருமாரை அனுப்பியது புறச்சமயத்தை வேரறுக்கவேயன்றி அதன் கட்டுக்கதைகளை ஐரோப்பாவிற் பரப்புதற்கன்று என அவர் கருதினார் என்று சொல்லப்படுகிறது. தம் ஆசிரியரே இவ்வாறு ஒதுக்கியது இவர் உள்ளத்தை எவ்வாறு வருத்தியதோ! தமிழரை அறியாது தமிழரிடம் பேசுதல் இயலாது என்பதையே அந்நூலால் நிறுவ முயன்றார். அதனை முதலில் உணரவேண்டியவரே உணரவில்லை.

1714-இல் ஐரோப்பா சென்றார். 1716-இல் மரிய தொரொத்தேயா சால்ஸ்மன் என்னும் மாதை மணந்தார். தமிழிலக்கணம் பற்றி அவர் இலத்தீனில் எழுதிய நூல் அவ்வாண்டே ஹாலேயில் வெளிவந்தது. இங்கிலாந்தில் முதலாம் ஜார்ஜ் அரசரைக் கண்டு தரங்கம்பாடிக்கு மீண்டார். புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபர் 11-இல் பிரதிட்டை செய்யப்பட்டது. கோபனேகன் நகரிலிருந்து மிசன் காரியத்தை நடத்திய வெண்டு என்பார், ஆலயமும் பள்ளியும் எதற்கு, பொருட்செலவு ஏன் எனக் கடுமொழி நிறைந்த கடிதங்கள் எழுதினார். நோயுற்ற உடல் அவற்றைத் தாங்கவில்லை. 1719 பிப்ரவரி 23-ஆம் நாள், தம் முப்பத்தாறாம் வயதில், சீகன்பால்கு ஐயர் உயிர் நீத்தார். தாம் எழுப்பிய அவ்வாலயத்துள்ளேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

ஜெர்மனியில் கிரிம் உடன்பிறந்தார் தம் நாட்டு ஆவிக்கதைகளையும் பூதக்கதைகளையும் திரட்டி இரு தொகுதிகளாக 1816-இலும் 1818-இலும் வெளியிட்டனர். கார்ல் ஹௌப்டு என்பார் லௌசித்சு நாட்டுக் கதைகளை 1862-இல் தொகுக்கத் தொடங்கினார். அதன்பின்னரே தன் நாட்டுக் கதைகளை விட்டு வந்து பிறர் நாட்டுக் கதைகளை எழுதிய புல்ஸ்நிட்ஸ் ஊரார்க்கு முறை வந்தது. ஜெர்மன் என்பார் 1867-இல் அப்பெருநூலைச் சென்னையில் அச்சிட்டார். மெட்ஸ்கர் என்பார் 1869-இல் ஆங்கிலமாக்கினார். அவ்வாங்கிலப் பதிப்பிற் பிற்காலச் செய்திகளும் கலந்தன. நூலாசிரியர் எழுதியவாறே, ஹாலேச் சுவடியை ஒப்புநோக்கித் திருத்தமான பதிப்பை 2003-இல் வெளியிட்டவர் டேனியல் ஜெயராஜ் என்னும் தமிழர். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2005-இல் வந்தது. ஐயனாருக்கும் பிடாரிக்கும் யார் யார் கதை சொன்னார்கள் என்பதை மட்டும் எப்பதிப்பிலும் காண்டற்கில்லை.